தவறணை வாசலில் ஒரு கரும்பலகை

யாழ்ப்பாண மாவட்டத்துப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் தவறணை முகாமையாளர்களுக்கும்,

மதிப்புக்குரியீர், வணக்கம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். உங்கள் தவறணை ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு கரும்பலகை வையுங்கள். அன்று விற்கும் கள்ளு எந்த ஊர் மரத்தது, பனையா தென்னையா, எத்தனை மணிக்கு இறக்கியது என்று வெண்கட்டியால் எழுதுங்கள். மூன்றையும் எழுத முடியாத நாளிலும் இறக்கிய நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பியர் வாங்குகிறவர் போத்தலைத் திருப்பித் திகதி பார்க்கலாம். அதற்கு மாதக் கணக்கில் ஆயுள் உண்டு. கள்ளுக்கு மணித்தியாலக் கணக்குத்தான். அப்படியிருந்தும் கள்ளு நேரம் எழுதப்படாமலே விற்கப்படுகிறது.

நேரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். பாளையிலிருந்து சொட்டும்போது அது கள்ளு இல்லை, இனிப்புச் சாறு. 100 மில்லிலீற்றரில் 10 முதல் 14 கிராம் வரை சீனி இருக்கும். லாகர் பியர் காய்ச்சுகிறவர்கள் முளைகட்டிய பார்லியை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்துக் கொதிக்கவைத்து எடுக்கிற சாற்றிலும் ஏறக்குறைய இதே 12 வீதம்தான். அவர்கள் ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டுச் சேர்க்கிற சீனியைப் பனை தானாகவே தருகிறது. சாறு சேர மரத்தில் கட்டுகிற பானையான முட்டியின் அடியில் முதல்நாள் மண்டி கொஞ்சம் ஒட்டியிருக்கும். சீனியை மதுசாரமாக்குகிற நுண்ணுயிரான மதுவம் அதில் இருக்கிறது. மாலையில் கட்டிய முட்டியில் சாறு சொட்டச் சொட்ட நொதிப்பும் கூடவே நடக்கும். காலையில் முட்டி இறங்கும்போது பாதி வேலை மரத்திலேயே முடிந்திருக்கும்.

இறக்கியவுடன் இருக்கிற கள்ளு இனிப்புத் தூக்கலாக, நுங்கு வாசத்தோடு, நாக்கில் மெல்லச் சுறுசுறுக்கும். முற்பகலில் இனிப்புக் குறைந்து நுரை தடிக்கும், மதுசாரம் ஏறும். நொதித்து முடிந்த கள்ளில் கன அளவில் 5 வீதத்தை ஒட்டி மதுசாரம் இருக்கும், அதாவது சாதாரண லாகர் பியரின் அளவு. கூடவே புளிப்புப் பற்றீரியாக்களும் வளர்வதால் இளம் புளிப்பு ஒன்று சேரும். அது குற்றம் இல்லை, கள்ளின் குணமே அதுதான். பின்னேரம் தாண்டினால் கதை மாறும். காற்றுப் பட்ட மதுசாரத்தை வேறு பற்றீரியாக்கள் அசற்றிக்கமிலமாக்கத் தொடங்கிவிடும். மறுநாள் காலையில் பீப்பாயில் இருப்பது பாதி வினாகிரி.

ஆகவே காலை 9 மணிக்கு ஒருவர் குடித்ததும் பின்னேரம் 2 மணிக்கு இன்னொருவர் குடித்ததும் ஒரே கான்கள்ளு என்றாலும், ருசியும் வேறு, வெறியும் வேறு. பலகையில் நேரம் இருந்தால் இனிப்பை விரும்புகிறவர் காலையில் வருவார், கடுப்பை விரும்புகிறவர் மதியம் வருவார். எவ்வளவோடு நிறுத்த வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறவருக்கும் அது உதவும்.

வெளியூர்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். பெங்களூரில் கடைக்குள்ளேயே பியர் காய்ச்சி விற்கிற இடங்களில், இன்றைக்கு எந்தெந்தப் பியர், ஒவ்வொன்றிலும் எத்தனை வீதம் மதுசாரம் என்று எழுதி வைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் பெரிய கொம்பனிகள் வடிகட்டி, சூடாக்கி, வாயு ஏற்றிய பியரால் கடைகளை நிரப்பியபோது, பழைய முறையில் பீப்பாய்க்குள்ளேயே உயிரோடு நொதிக்கும் ஏல் பியரைக் காப்பாற்ற 1971இல் கம்ரா என்ற அமைப்பு தொடங்கியது. அந்த ஏலை 12 பாகை அளவு குளிர்ந்த நிலவறையில் வைத்து, பீப்பாயைத் திறந்தபின் மூன்று நாளுக்குள் விற்று முடிக்கப் பார்ப்பார்கள். பெல்ஜியத்தின் லம்பிக் பியர் நமக்கு இன்னும் நெருக்கம். கொதித்த சாற்றைத் தட்டையான திறந்த தொட்டியில் இரவு முழுக்க ஆறவிட்டு, காற்றில் வருகிற மதுவமே அதை நொதிக்கச் செய்ய விடுகிறார்கள். குளிர் மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள், கோடையில் கெட்ட பற்றீரியா கூடிவிடும் என்று. அதைக் குடிப்பதற்கென்றே தூர தேசங்களிலிருந்து ஆட்கள் போகிறார்கள். மாசியில் தொடங்கி ஆடிவரை நம் பனை தருவதும் அதே வகைச் சரக்கு: ஊர்க் காற்றின் மதுவம், ஒரு பருவம், குறுகிய ஆயுள். தரத்தில் அது தாழ்ந்தது என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். குறை, இறக்கிய பிறகு நடக்கிறதில்தான் இருக்கிறது.

முதற்குறை, மிஞ்சிய கள்ளை மறுநாள் கள்ளோடு கலப்பது. 20 லீற்றர் புதுக்கள்ளில் 5 லீற்றர் பழசை ஊற்றினால் 25 லீற்றர் நல்ல கள்ளு வராது. ஏற்கெனவே பெருகிய அசற்றிக்கமிலப் பற்றீரியாக்கள் முழுவதிலும் பரவி, மாலையில் கெட வேண்டியதை மதியத்திலேயே கெடுத்துவிடும். மிஞ்சியதைத் தனிப் பாத்திரத்தில் வாயை மெல்லிய துணியால் கட்டி, காற்றுப் படவிட்டு வினாகிரியாக்குங்கள். கள்ளு வினாகிரிக்குச் சமையலறையில் இடம் உண்டு. அந்தப் பாத்திரத்தைத் தவறணைக்குள் மட்டும் வைக்காதீர்கள். அங்கிருந்து பீப்பாய்க்கு அது தாவும்.

இரண்டாவது, பெரிய பீப்பாய். அரைவாசி விற்றுத் தீர்ந்த நீலப் பிளாஸ்டிக் பீப்பாயில் மீதி அரைவாசிக்குக் காற்றுத்தான். ஒவ்வொரு முறை கோலும்போதும் அது கலக்கப்படுகிறது. 10 லீற்றர் பாத்திரங்களாகப் பிரித்து, ஒன்று முடிந்த பிறகு மற்றதைத் திறந்தால் இந்தக் கேடு பெரும்பாலும் நின்றுவிடும். மூடியை இறுக்கிப் பூட்டவும் கூடாது. ஒரு லீற்றர் சாற்றில் 120 கிராம் சீனி இருந்தால், முழுவதும் நொதிக்கும்போது 30 லீற்றருக்கு மேல் வாயு வரும். போத்தல் வெடிப்பதற்குக் காரணம் அதுதான். மூடி மேலே கிடக்கட்டும், அழுத்தம் வெளியே போக வழி இருக்கட்டும், இலையான் உள்ளே போகாமல் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் கான்களின் உட்புறக் கீறல்களில் படிகிற வழுவழுப்புக் குளிர்ந்த தண்ணீரில் போகாது. சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்து, இரண்டு தரம் அலசி, வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். வாசனைச் சவர்க்காரம் வேண்டாம், அதன் மிச்சம் நுரையை அடக்கிவிடும். பன்னாடையையும் அன்றாடம் கழுவிக் காயவிடுங்கள். தேனீயும் எறும்பும் மாட்டிய பன்னாடையை ஈரத்தோடு ஆணியில் தொங்கவிட்டு மறுநாளும் அதிலேயே வடிப்பது, வடிக்காமல் விடுவதைவிட மோசம்.

தண்ணீர் கலப்பு பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அதற்குத் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஐதரோமீற்றர் ஒன்று போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் 1.000 காட்டும் கருவி, இனிப்புச் சாற்றில் 1.050 அளவில் காட்டும். நொதித்தாலும் எண் இறங்கும், தண்ணீர் விட்டாலும் இறங்கும். 1.025 என்ற ஒரு எண்ணை வைத்து யாரையும் கள்ளன் ஆக்கக் கூடாது. காலையில் கள்ளு ஏற்கும்போது, ஒவ்வொரு சீவல் தொழிலாளியின் கள்ளையும் தனித்தனியே அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் அவரவர் மரங்களின் வழக்கமான எண் தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் இறக்கிய கள்ளு திடீரென்று இறங்கிக் காட்டினால் அப்போது கேளுங்கள். இரவு மழை பெய்து முட்டிக்குள் போயிருக்கவும் கூடும். அளப்பதற்கு முன் ஒரு கோப்பை கள்ளை இரண்டு பாத்திரங்களுக்கிடையே பத்துப் பதினைந்து தரம் ஆற்றி நுரையைக் கொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வாயுக் குமிழ் கருவியில் ஒட்டி அதைத் தூக்கிவிடும், எண் கூடிக் காட்டும். கருவி 20 பாகைக்குச் செய்யப்பட்டதென்றால், 32 பாகையில் கிடைத்த எண்ணோடு 0.003 கூட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் புளிப்பை அளக்கும் பீஎச் தாளும் வைத்திருங்கள், எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். 4 அளவில் நல்ல கள்ளு, 3.5இற்குக் கீழே போனால் அது வினாகிரிப் பாத்திரத்துக்கு உரியது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கருவிகளைச் சரிபார்க்கவும் முகாமையாளர்களுக்குப் பழக்கிவிடவும் அங்கே கேளுங்கள்.

இதைவிட முக்கியமானது கொடுப்பனவு. லீற்றரை மட்டும் பார்த்துக் காசு கொடுக்கிற இடத்தில் தண்ணீர் சேரத்தான் செய்யும். நேரத்துக்கு வந்த, நல்ல எண் காட்டிய கள்ளுக்கு லீற்றருக்கு மேலதிகமாகக் கொடுங்கள். காலையும் மாலையும் காலில் மாட்டும் தளநாரோடு அந்த உயரம் ஏறி, மெல்லிய சீவலாகச் சீவி இறங்குகிறவரின் கைப்பக்குவத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கத்தி மழுங்கினால் வெட்டுவாய் நசுங்கிச் சாறு அடைபடும். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு நாள் ஏறாவிட்டால் வெட்டுவாய் காய்ந்துபோகும். இந்த நுணுக்கத்துக்குச் சந்தையில் விலை இருக்கிறது. அவருக்குத்தான் அது போய்ச் சேர்வதில்லை. அவர் விரும்பினால் அவருடைய பெயரையும் பலகையில் எழுதுங்கள்.

பூரணை நாளில் தவறணை பூட்டு. மரம் பூட்டாது. அன்று இறக்கிய கள்ளுத்தான் மறுநாள் பீப்பாயில் புளித்துக் கிடக்கிறது. பூரணைக்கு முதல்நாள் மாலையே முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டச் சொல்லுங்கள். சுண்ணாம்பு நொதிப்பைத் தடுக்கும், நொதிக்காத இனிப்புச் சாறான கருப்பணி இறங்கும். எட்டு ஒன்பது லீற்றர் கருப்பணியைக் காய்ச்சினால் ஒரு கிலோ பனங்கட்டி தேறும். ஆடிக்கூழுக்கு நல்ல பனங்கட்டி தேடி அலைகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

பிளாவைக் கைவிட்ட தவறணைகள் அதைத் திரும்பக் கொண்டுவரலாம். பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் கள்ளை ஊற்றும்போது ஓலையின் வாசம் நுரையோடு சேர்ந்து மூக்கில் ஏறும். ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுக்க முக்கி எடுக்கிற கண்ணாடிக் கிளாசைவிட, ஒருவர் குடித்து எறிகிற பிளா எவ்வளவோ சுத்தம். ஓலை மடிக்கிறவருக்கும் அதில் நாலு காசு சேரும்.

21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதில்லை, குடித்தபின் வாகனம் ஓட்டாதீர்கள் என்ற இரண்டு வரிகளும் அதே பலகையின் அடியில் நிரந்தரமாக இருக்கட்டும்.

வருகிற மாசியில் பனை சீவத் தொடங்கும் வாரத்திலேயே பலகையை மாட்டிவிடுங்கள். எல்லாத் தவறணையிலும் ஒரே நாளில் முடியாவிட்டால், ஒவ்வொரு சங்கமும் ஒன்றில் தொடங்கட்டும். வெண்கட்டியைப் பலகையோடு ஒரு கயிற்றில் கட்டிவிடுங்கள். முதல் கான் வந்து இறங்கும்போது, எழுத வேண்டியவர் அதைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

இப்படிக்கு,
கள்ளின் ருசியையும் அதை இறக்குகிறவரின் உழைப்பையும் மதிக்கும் யாழ்ப்பாணத்தவர் சிலர்