துருவின் நிறத்தில் ஒரு சைக்கிள்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கடலூரிலேயே வேலை கிடைத்த செய்தியில் எங்கள் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. தங்கையின் முழங்கால் வலி குறைந்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுது. இங்கே அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் தணியவில்லை. ஆனாலும் இந்த ஆண்டு நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், நான் எடுத்துக்கொண்ட வேலையில் பாதியை அந்த வெயில்தான் செய்து கொடுத்தது.

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, நல்ல சைக்கிளை எதற்காகத் துருப்பிடிக்க வைத்தாய் என்று கேட்டிருக்கிறாய். உன் அப்பாவின் சைக்கிளையும் இப்படிச் செய்து தர முடியுமா என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் பொறுமையாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில், அது காயலான் கடையில் எடைக்கு வாங்கிய 24 அங்குல ஃபிரேம். கறுப்பு எனாமல் முற்றிலும் உதிர்ந்து, யாரோ அதன்மேல் நீலப் பெயிண்டைப் பூசி, அதுவும் தோல் உரிந்து கிடந்தது. அமெரிக்காவில் பழைய கார்களைப் பளபளப்பாக்காமல், துருவும் பற்றவைத்த தழும்பும் வெளியே தெரியும்படியே கட்டி ஓட்டும் ஒரு வழக்கம் உண்டு. ‘ராட் ராட்’ (rat rod) என்பார்கள். அது சைக்கிளுக்கும் வந்துவிட்டது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: புதுச் சாமான் வாங்கிப் பழையதாக்குவதற்குப் பதிலாக, நம் வீட்டுப் பரணிலேயே வயதான இரும்பு இவ்வளவு இருக்கிறதே என்பது.

அழகு பார்ப்பதற்கு முன்னால் ஃபிரேமின் உட்புறத்தைப் பார்த்தாக வேண்டும். சீட் கம்பியை உருவிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பெடல் அச்சு உட்காரும் கூட்டைக் கழற்றிப் பார்த்தேன், ஏனெனில் மழைநீர் உள்ளே இறங்கினால் தேங்குமிடம் அதுதான். குழாய் முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால், உள்ளே அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். இந்த ஃபிரேம் எல்லா இடத்திலும் கணீரென்றது. வெளியே எவ்வளவு துரு வேண்டுமானாலும் இருக்கட்டும், உள்ளே இருந்தால் அந்த ஃபிரேமைத் தொடக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது.

வீட்டுச் சாமான்களில் எது எங்கே போயிற்று என்று சொல்கிறேன். நீ எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஏறி உட்கார்ந்திருப்பாயே, அம்மாவின் அந்தப் பச்சை டிரங்குப் பெட்டி, அதன் அடித்தகடு என்றோ ஓட்டையாகிவிட்டது. மூடி மட்டும் நன்றாக இருந்தது. அதை வெட்டி, மேல் பாருக்குக் கீழே ஃபிரேமின் முக்கோணத்துக்குள் பெட்ரோல் டேங்கைப் போலப் பொருத்தியிருக்கிறேன். தண்ணீர் தொட்டு மெல்லிய உப்புத்தாளால் நடுவிலிருந்து தேய்த்துக்கொண்டே போனபோது, ஓரத்தில் பச்சை, அதற்கு உள்ளே செம்மண் நிறப் பிரைமர், நடுவில் வெறும் தகடு என்று மூன்று வளையங்கள் தெளிந்து வந்தன. வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த அம்மாவின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகளை மட்டும் தொடாமல் விட்டேன். முகப்பு விளக்கு, அரிசி அளந்த ஆழாக்கு. அதன் வாயில் பழைய டார்ச்சின் கண்ணாடி அளவெடுத்துச் செய்ததைப் போல் உட்கார்ந்தது, உள்ளே எல்.இ.டி. பல்பு, பின்சக்கரத்தில் 6 வோல்ட் 3 வாட் டைனமோ. கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகள் கேரியராயின. ஸ்பேனரும் பஞ்சர் சாமானும் பித்தளைத் தூக்கில். அது ஆடாமலிருக்க, கொல்லைக் கதவின் தாழ்ப்பாள்.

வேண்டாமென்று ஒதுக்கியவையும் உண்டு. எவர்சில்வர் துருப்பிடிக்காது, அதில் உள்ள குரோமியம் விடாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாளியைப் பற்றவைத்தால் எழும் வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். அதனால் அதைப் பட்டறைக்கே எடுத்துச் செல்லவில்லை. தையல் மெஷினின் மிதிபலகை பார்க்க அழகுதான், ஆனால் வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்கை தராது, நேராக முறிந்துவிடும்.

பற்றவைப்பைக் காகிதப்பட்டறையில் ஒரு பெரியவர் செய்தார். ஃபிரேமில் ஆர்க் வெல்டிங் வேண்டாம், மெல்லிய குழாயில் ஓட்டை விழும் என்று நான் சொல்வதற்கு முன் அவரே சொன்னார். பித்தளைக் கம்பி சுமார் 900 டிகிரியில் உருகும். உருக்கு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். ஆகவே கேஸ் நெருப்பில் குழாய் உருகாமலே பித்தளை மட்டும் இடுக்கில் ஓடிப் பிடித்துக்கொள்ளும். அந்த மஞ்சள் கோட்டைத் தேய்த்து மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். துரு நிறத்துக்கு நடுவில் அதுதான் என் கண்ணுக்கு மிக அழகு.

இனி துரு. பெயிண்ட் முழுவதையும் உரித்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சோப்பு நீரில் கழுவி, முதலில் வினிகரைத் தெளித்துக் காயவிட வேண்டும். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சம அளவு தண்ணீரில் கலந்து, அந்தக் கலவையில் அரை லிட்டருக்கு 60 மில்லி வினிகரும் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துத் தெளிக்க வேண்டும். திறந்தவெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய். மீந்ததை மூடி வைக்காதே, பாட்டில் வெடிக்கும். வேலூர் வெயிலில் தெளித்த சில நிமிடங்களிலேயே நுரைத்து ஆரஞ்சு நிறம் ஏறத் தொடங்குகிறது. மேலும் மேலும் தெளித்துக் காயவிட, அது காவியாகி, பிறகு காபிக்கொட்டை நிறத்துக்கு வருகிறது.

வரவழைப்பது எளிது, நிறுத்துவதுதான் வேலை. தில்லி இரும்புத்தூணில் உள்ள பாஸ்பரஸ், மேலே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி 1,600 ஆண்டுகளாக அதைக் காத்துவருகிறது. சைக்கிள் குழாய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை; அதன் துரு பொருபொருவென்று நீரைப் பிடித்து வைத்து, அடியிலிருக்கும் இரும்பை மேலும் தின்னும். உப்பு துளியும் மிஞ்சாதபடி பலமுறை கழுவி, வெயிலில் சுடச்சுடக் காய்ந்த பிறகு, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெலிதாகத் தேய்த்தேன். குழாய்களுக்கு உள்ளேயும் ஊற்றிச் சுழற்றி வடித்தேன். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடு.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், ஹேண்டில் பார், பெடலைத் தாங்கும் கிராங்க், கம்பி பிரேக் ஆகிய எதிலும் வீட்டுச் சாமான் எதுவும் கிடையாது, துருவும் கிடையாது. உயிர் நம்பி நிற்கும் உறுப்புகள் அவை. நம் ஊர்ச் சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மின் உட்புறத்தைத்தான் பிடிக்கிறது. அங்கே குரோம் மின்ன வேண்டும். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 கம்பிகளையும் புதிதாகவே போட்டு, சக்கரம் கோணாமல் சுற்றும்படி பெண்டு எடுத்தேன். சீட்டுக்குப் பேரணாம்பட்டிலிருந்து தோல் வாங்கினேன். குரோமில் பதனிட்டது தொய்ந்துவிடும் என்பதால், மரப்பட்டையில் பதனிட்ட தடித்த தோலைத் தேடி எடுத்தேன். நனைத்து அச்சில் இழுத்துக் கட்டினால், காய்ந்த பின் அந்த வடிவத்திலேயே நிற்கும். இப்போது பாலாற்றுப் பாலம் கடந்து காட்பாடிக்கு அதில்தான் போய் வருகிறேன். எங்கும் ஒரு கிறீச்சொலி இல்லை.

உன் அப்பாவின் சைக்கிளுக்கு வருகிறேன். அதில் கறுப்பு எனாமலும் தங்கக் கோடுகளும் இன்னும் இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதைத் தொடாதே. அந்தப் பெயிண்டை உரித்துவிட்டால் திரும்ப யாராலும் கொண்டுவர முடியாது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கை மட்டும் துடைத்து, அச்சுகளில் உள்ள பால்ரஸ் குண்டுகளையும் கிரீஸையும் மாற்றி, அவர் ஓட்டியபடியே ஓட்டு. ஆசை விடவில்லையென்றால் பெயிண்ட் போன வேறு ஃபிரேம் ஒன்றைப் பார்த்துவை. கடலூர் உப்புக்காற்றுக்கு எண்ணெய் மட்டும் போதாது, பளபளக்காத மேட் வார்னிஷ் பூச வேண்டியிருக்கும். அதனால் நிறமேற்றும் வேலையை இங்கேயே செய்து முடித்து அனுப்புகிறேன். ஃபிரேம் 22 அங்குலமா 24 அங்குலமா என்பதையும், உங்கள் பரணில் என்னென்ன இரும்பு கிடக்கிறது என்பதையும் விவரமாக எழுது.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் நண்பன்.