எட்டுப் பேரும் 35 அல்ல

ஆசிரியருக்கு வணக்கம். தேர்வு மதிப்பெண்கள் பற்றித் தாங்கள் வெளியிட்ட செய்தியில் 30-40, 40-50 என்று பிரிவு போட்ட அட்டவணை மட்டும்தான் இருந்தது. படிக்கச் சுலபம், சரி. ஆனால் ஒரு மதிப்பெண் பிரிவுக்குள் போய்விட்டால் அப்புறம் அது வெறும் எண்ணிக்கைதான், 31 எடுத்தவருக்கும் 39 எடுத்தவருக்கும் வித்தியாசமே தெரியாது. நான் பாடம் நடத்திய வகுப்பில் ஒருமுறை 30-40 பிரிவில் எட்டுப் பேர் இருந்தார்கள். அட்டவணையிலிருந்து சராசரி காணும்போது நடுப்புள்ளியான 35-ஐத்தான் எல்லோருக்கும் வைக்கிறோம், மொத்தம் 280 வந்தது. விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தால் 31, 31, 32, 32, 32, 33, 33, 39. மொத்தம் 263தான்! ஏழு பேர் 33-ஐத் தாண்டவே இல்லை, உதவி தேவைப்பட்ட அந்த ஏழு பேரையும் அட்டவணை மறைத்துவிட்டது.

நிகழ்வெண் பரவல், அதாவது ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்று காட்டும் இந்த மாதிரி அட்டவணை, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆயிரக்கணக்கான எண்களை அப்படியே அச்சிட முடியாதுதான். இனி ஒவ்வொரு பிரிவுக்கும் பக்கத்தில் அதன் உண்மையான சராசரியையும் மிகக் குறைந்த, மிக உயர்ந்த மதிப்புகளையும் சேர்த்துப் போடுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு மூல விவரங்களை இணையதளத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது.