தம்பியின் ஆட்கள்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய நீளமான வொய்ஸ் மெசேஜை அப்பாவும் நானும் திரும்பவும் போட்டுக் கேட்டோம். போனில் பதில் சொல்ல வெளிக்கிட்டால் நீ அழுவாய், பிறகு நான் அழுவேன், கதை அதோடு நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

எங்கள் மூவரையும் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணலாம், இல்லாவிட்டால் தம்பியை இங்கே ஒரு விடுதியில் சேர்க்கலாம் என்று சொல்லி, எங்களுக்குப் பிறகு அவன் என்ன செய்வான் என்று கேட்டிருந்தாய். அம்மம்மா காலத்தில் இந்தக் கேள்வியே அனேகமாக எழவில்லை. தம்பியைப் போல டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். அதற்கு அப்போது ஒப்பரேஷன் ஏது? பலர் பெற்றோருக்கு முன்பே போய்விட்டார்கள். அமெரிக்காவிலேயே 1983இல் 25 வயதுதான் சராசரி. இன்று வசதியுள்ள நாடுகளில் அது 60 வரை போய்விட்டது. தம்பிக்கு இப்போது 34, அப்பாவுக்கு 72. கணக்கு உனக்கே விளங்கும். அவன் எங்களைத் தாண்டி இருப்பான் என்பது சந்தோஷமான செய்தி, அதை ஏன் எல்லாரும் செத்த வீட்டுக் குரலில் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை.

முதலில் ஸ்பொன்சர் விஷயம். வழி இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியும். மருத்துவச் செலவைக் காட்டி மறுக்கிற விதியைக் கனடா 2018இல் தளர்த்தியது. விசேட கல்வி, அன்றாட உதவியாளர் மாதிரியான செலவுகளை இப்போது அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 22 வயது தாண்டியிருந்தாலும், தன் நிலைமையால் பெற்றோரையே நம்பி வாழ்கிற பிள்ளையைக் கூடவே சேர்க்கலாம். எல்லாம் சரி. வந்து அவன் என்ன செய்வான்? நீயும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு நாங்கள் மூவரும் ஸ்காபரோவில் பனியைப் பார்த்துக்கொண்டு இருப்போம். இங்கே கொழும்பில் அவன் காலையில் தனியாகப் போய்ப் பாண் வாங்கி, மிச்சக் காசையும் சரியாகக் கொண்டு வருகிறான்.

அடுத்தது நீ தேடி அனுப்பிய விடுதி. போய்ப் பார்த்தோம். துப்புரவான இடம், கவனிக்கிறவர்களும் நல்லவர்கள். ஆனால் இருக்கிறவர்கள் ஒருவரும் கேற்றைத் தாண்டிப் போவதில்லை. தமிழ் கதைக்க ஆளில்லை. தம்பி என் கையைப் பிடித்து "போவம்" என்றான், அவ்வளவுதான். ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு அதுவும் வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீ இருக்கிற ஒன்ராறியோவையே பார். இவனைப் போன்றவர்களை வைத்திருக்க 1876இல் ஒறிலியாவில் தொடங்கிய பெரிய நிலையத்தை 2009இல் மூடினார்கள். அங்கே நடந்த கொடுமைகளுக்காக 2013இல் மாகாண முதல்வரே சட்டசபையில் மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு பணமும் டொக்டர்மாரும் இருந்த மாகாணம் கைவிட்ட முறையை நாங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

எங்கள் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் சொன்ன விஷயம் எனக்குப் பிடித்தது. உன் நாட்டுக் கதைதான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1989இல் சில பெற்றோர் 'பிளான்' என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையைச் சுற்றியும், சம்பளம் வாங்காத சிலரைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே சேர்த்து வைப்பதுதான் அவர்களுடைய வேலை. மாற்றுத்திறனாளிகளுக்கென்று கனடாவில் 2008இல் வந்த சேமிப்புத் திட்டத்துக்கும் அவர்கள்தான் விடாமல் நின்றார்கள். இலங்கையும் 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை ஏற்றுக்கொண்டது, அதன் 19ஆவது உறுப்புரையில் இப்படிப்பட்டவர்கள் சமூகத்துக்குள்ளேயே வாழலாம் என்று இருக்கிறது. வாழலாம், ஆனால் அரசாங்கம் வந்து எங்கள் ஒழுங்கையில் ஆள் சேர்த்துத் தராது. நாங்கள்தான் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது என்பதில்தான் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. அவர் எழுதிய பட்டியலில் முழுக்கச் சொந்தக்காரர். நான் ஒவ்வொருவராக வெட்டினேன். வெள்ளவத்தை நீ விட்டுப் போன மாதிரி இல்லை பிள்ளை. பக்கத்துக் காணிகள் எல்லாம் தொடர்மாடியாகிவிட்டன. பாதி வீட்டுக்காரர் லண்டனிலும் மெல்பேர்னிலும், மிச்சப் பேர் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அன்பானவர்கள்தான், ஆனால் நாளைக்கு இருப்பார்களா? சொந்தத்தின் இன்னொரு முகமும் எனக்குத் தெரியும். உனக்குக் கலியாணம் பேசின நாட்களில் தம்பியைக் கொஞ்ச நேரம் வேறெங்காவது விடச் சொன்னவர்கள் யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் ஹோலின் நடுவில் இருந்து மாப்பிள்ளை வீட்டாருக்குப் பலகாரத் தட்டை நீட்டினான். மருமகன் அன்றைக்கே பாஸ்.

ஆகவே இங்கேயே இருக்கப் போகிறவர்களைப் பிடித்தேன். பேக்கரி முதலாளி, அவருடைய தகப்பன் காலத்திலிருந்து அதே கடை. கிருலப்பனையிலிருந்து வருகிற ஓட்டோக்காரர், தம்பியை "மல்லி" என்று, சிங்களத்தில் தம்பி என்றுதான் கூப்பிடுவார், புறக்கோட்டைக்குப் போகும்போது சும்மா ஏற்றிக்கொண்டு போய்வருவார். மேல் மாடி முஸ்லிம் டீச்சர். கோயிலில் வெள்ளிக்கிழமை அவனிடம் பூத்தட்டைக் கொடுக்கிற ஐயர். ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டோம். "எங்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் எவரும் பயப்படுவார்கள். "இரண்டு நாள் பாண் வாங்க வராவிட்டால் ஒரு கோல் எடுங்கள்" என்றால் யார் மாட்டேன் என்பார்? ஓட்டோக்காரர் கிளினிக்குக்கு, டீச்சர் மருந்துக்கு.

டீச்சரிடம் ஒரு கொப்பியும் கொடுத்திருக்கிறேன். தைரொயிட் மருந்தின் அளவு, எதைக் கண்டால் பயப்படுவான், வயிற்றுவலி வந்தால் பேசாமல் கட்டிலுக்கு அடியில் போய் இருப்பான் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவனுக்கு இயல்பாக எது வரும், எது வராது என்றும் எழுதியிருக்கிறேன். ஏனென்றால் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு 40 வயதுக்குப் பிறகு மறதி நோய் மற்றவர்களை விட வெகு முந்தியே தொடங்கலாம். அந்த நோயில் மூளையில் படிகிற அமிலோயிட் என்ற புரதத்துக்கான மரபணு 21ஆவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது, அவனுக்கு அந்த நிறமூர்த்தம் ஒன்று கூட. புது டொக்டர் ஒருவர் பார்த்தால் "இவர் எப்போதும் இப்படித்தானே" என்று விட்டுவிடுவார். மிச்சக் காசு எண்ணத் தெரிந்தவன் எண்ணாமல் நின்றால் அதைப் பேக்கரிக்காரர்தான் முதலில் காண்பார்.

காசு விஷயம் சுருக்கமாக. வீட்டை அவன் பெயரில் எழுதவில்லை. அப்படிச் செய்தால் பிறகு விற்கவோ வாடகைக்கு விடவோ மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், பழைய சட்டப்படி அவனைச் சித்த சுவாதீனமில்லாதவன் என்று நிரூபிக்க வேண்டி வரலாம் என்று சட்டத்தரணி சொன்னார். அந்த வார்த்தையை அவனுக்கு முன்னால் ஒருவரும் சொல்ல நான் விடமாட்டேன். வீட்டை ஒரு டிரஸ்டுக்குள் வைக்கிறோம், நீயும் டீச்சருடைய மகனும் பொறுப்பு.

உன்னிடம் நான் கேட்பது அவனுக்கு இன்னொரு அம்மாவாக இருக்கச் சொல்லி இல்லை. அக்காவாகவே இரு, சண்டை பிடி, போனில் கிரிக்கெட் ஸ்கோர் கேள். இந்த நாலு பேரையும் நீ தெரிந்து வைத்திருக்க வேண்டும். மாதத்தில் ஒருக்கா ஒவ்வொருவருக்கும் கோல் எடு. தம்பியைப் பற்றி விசாரிக்க முதல் அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றிக் கேள். ஓட்டோக்காரரின் மகளுக்கு இந்த வருஷம் ஓ.எல். சோதனை. உன் சிங்களம் துருப்பிடித்திருந்தால் பரவாயில்லை, அவர் சிரிப்பாரே தவிரக் குறை நினைக்க மாட்டார். ஆடி வேல் திருவிழாவுக்கு வரும்போது எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், அதற்கேற்ற மாதிரி டிக்கெட்டைப் போடு.

நம்பர்களை அப்பா நாளைக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவார். உங்கள் இரவு எங்களுக்கு விடியல் என்பதை மறந்துவிடாதே, பேக்கரிக்காரர் விடிய நாலு மணிக்கு அடுப்புக்கு முன்னால் நிற்பார், அந்த நேரம் எடுக்காதே.

அன்புடன்,
அம்மா