ஒரே தகடு, மூன்று வாசல்

அன்பு மகளுக்கு,

மத ஒற்றுமை பற்றிய உன் புகைப்படக் கண்காட்சிக்காக, நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். கோபுரம், மினாரா, மாதா கோயில் மூன்றையும் ஒரே படமாக ஒட்டும் யோசனையை விட்டுவிடம்மா. அது காலண்டரில் வருவது. பார்க்கிறவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீ உருவத் தகட்டைப் பிடி.

வைத்தீஸ்வரன் கோயில், நாகூர், வேளாங்கண்ணி மூன்று ஊரிலும் கண், கை, கால் என்று தகடு காணிக்கை உண்டு. கண் நோவுக்கு நேர்ந்துகொண்டவர் கண் தகடு வாங்குவார். நாகூரில் அதை வாங்குகிறவர்களில் இந்துக்களும் நிறைய. பெரிய மினாராவை எடுத்தால் கட்டியவர் பெயரையும் படத்துக்கு அடியில் எழுது: தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங், 131 அடி.

தகடு கண்ணாடி மாதிரி. நேரே நின்றால் உன் கேமராவே அதில் தெரியும். லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் உலோகப் பளபளப்பைக் குறைக்காது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு 45 டிகிரி சாய்வாக நில். எதிர்ப்பக்கம் அதே சாய்வில் ஒரு வெள்ளைத் தெர்மாக்கோல் அட்டையைப் பிடிக்கச் சொல். தகடு வெளுத்து, இமைக்கோடு கறுப்பாக எழும்பி வரும். உள்ளங்கையோடு எடுக்கும்போது வெளிச்சத்தைக் கையில் அள, தகட்டில் அளக்காதே. தகட்டில் அளந்தால் கை இருண்டுபோகும். அந்தக் கைதான் படமே.

கந்தூரியின் சந்தனக்கூடு ஊர்வலம் நாகப்பட்டினத்திலிருந்து இரவில் வரும். எல்இடி விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கும். ஷட்டரை 1/250 வைத்தால் படத்தில் பட்டை விழலாம். 1/100 அல்லது 1/50 வை, ஐஎஸ்ஓ 3200, எஃப் 2. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கருவறையிலும் அடக்கத்தலத்திலும் கேமராவை வெளியே எடுக்காதே.

கடற்காற்றில் லென்ஸில் உப்பு படியும். முதலில் ஊது, அப்புறம் துடை. எடுத்த எடுப்பிலேயே துணியால் தேய்த்தால் கீறும்.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை. மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் நிறுத்து. ஆட்டோ அந்த மஞ்சளைக் கழுவிவிடும்.

கண்காட்சியில் மதவாரியாகப் பிரித்து மாட்டாதே. கண்ணுக்குப் பக்கத்தில் கண், காலுக்குப் பக்கத்தில் கால். 12க்கு 18 அங்குலம், மேட் தாள், கண்ணாடிச் சட்டம் இல்லாமல், படத்தின் நடு தரையிலிருந்து 57 அங்குல உயரத்தில். ஊர்ப் பெயரை மட்டும் மறைக்காதே. மறைத்தால் விடுகதை ஆகிவிடும். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும், நாகூரில் மயிற்பீலி, வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி. இவையும் தகடுகளுக்கு நடுவே தொங்கட்டும். ஒற்றுமையை மட்டும் காட்டினால், அவரவர் வழிபாட்டை அழித்துவிட்டுப் பேசியதாகும்.

யாரையும் கேட்காமல் எடுக்காதே. கை மட்டும் என்றாலும் கேள். எடுத்த கையோடு விலாசம் வாங்கிக்கொண்டு, 4க்கு 6 பிரிண்ட் ஒன்று போட்டு, கண்காட்சிக்கு முன்னாலேயே அவர்களுக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா