அப்பாவின் தலைச்சுற்றலுக்கு ஒரு நீளமான பதில்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் நலம்தானே என்று வழக்கம்போல் கேட்க முடியவில்லை. நீங்கள் நலமாக இல்லை என்பதை அம்மா தொலைபேசியில் சொல்லிவிட்டாள். நீங்களோ "லேசாகத் தலை சுற்றுகிறது, வயதானால் அப்படித்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அம்மா சொன்ன கதை வேறு. வலப்பக்கம் புரண்டு படுத்தால் அறையே சுழல்கிறதாம். மேல் அலமாரியிலிருந்து பெட்டியை எடுக்க அண்ணாந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். அரை நிமிடத்தில் சுழற்சி அடங்கிவிடுகிறது, குமட்டல்தான் நெடுநேரம் விடுவதில்லை. இப்போது சாய்வு நாற்காலியில் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குகிறீர்கள், மாலை நடையையும் நிறுத்திவிட்டீர்கள் என்றாள். தம்பி மூளை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறானாம்.

அப்பா, உங்கள் மகள் கடல் கடந்து வந்து செய்கிற வேலையே இதுதான். முன்பின் தெரியாதவர்களின் தலைச்சுற்றலை நாளெல்லாம் பார்த்துவிட்டு, சொந்தத் தகப்பனின் தலைச்சுற்றலை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தக் கோபத்தில்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படியுங்கள்.

இங்கே பனிக்காலம். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. நடைபாதையில் பனி இறுகிக் கிடக்கிறது. நான் அடிமேல் அடி வைத்து நடப்பதைப் பார்த்து, ஊன்றுகோலோடு போகும் பாட்டிமார்கள்கூட என்னைத் தாண்டிப் போகிறார்கள். எங்கள் பிரிவில் கூட்டம் மிகுந்த காலமும் இதுதான். நாம் தள்ளாடாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது: கண், பாதமும் மூட்டுகளும், உள்காது. இருட்டு கண்ணைப் பறித்துவிடுகிறது, வழுக்கும் தரை பாதத்தை ஏமாற்றுகிறது. மிச்சம் இருப்பது காது மட்டுமே. அதுவும் பழுதானவர்கள் கோடை முழுக்க எப்படியோ சமாளித்துவிட்டு, இந்த இருட்டில் வந்து சேருகிறார்கள். இங்கே முதியவர்களில் பலர் தனியாக இருக்கிறார்கள். விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர்களின் கால்கள், சமநிலை கெட்டதைவிட அதிகமாக, அந்தக் கிடையால்தான் தளர்ந்துபோயிருக்கின்றன. உங்கள் சாய்வு நாற்காலியை நினைத்தால் எனக்கு அவர்கள்தான் கண்முன் வருகிறார்கள்.

எங்கள் அறையில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு கட்டில், தடித்த பஞ்சுமெத்தைத் துண்டு ஒன்று (அதன்மேல் நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொல்வோம்), சுவரில் எழுத்து அட்டை, கேமரா பொருத்திய, கண்ணில் மாட்டும் ஒரு கறுப்புக் கண்ணாடி. வருபவர்களிடம் "எப்படிச் சுற்றுகிறது?" என்று நான் அதிகம் கேட்பதில்லை. ஒருவர் சுழல்கிறது என்பார், ஒருவர் மிதக்கிறது என்பார், மறுநாள் இருவரும் மாற்றிச் சொல்வார்கள். எத்தனை நேரம் நீடிக்கிறது, எதைச் செய்தால் வருகிறது, காதில் ஏதாவது மாற்றம் உண்டா, இவற்றைத்தான் கேட்பேன். பாதி வழி இந்தக் கேள்விகளிலேயே தெரிந்துவிடும்.

புரண்டால், குனிந்தால், அண்ணாந்தால் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்குவது ஒன்று. திடீரென்று ஆரம்பித்து, நாள்கணக்கில் விடாமல் சுழற்றி, வாந்தியும் சேர்ந்துகொண்டால் உள்காது நரம்பு அழற்சியாக இருக்கலாம். இருபது நிமிடம் முதல் சில மணி நேரம் வரை நீடித்து, ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்கும் திறனும் ஏறி இறங்கினால் மெனியர் நோய். பாரிஸில் இருந்த மெனியர் என்ற மருத்துவர், சுழற்சி மூளையிலிருந்து மட்டுமல்ல, உள்காதிலிருந்தும் வரும் என்று 1861 இல் சொன்னார். அதற்கு முன் இப்படிப்பட்டவர்களை மூளையில் இரத்தம் கட்டியவர்களோடு சேர்த்துவிடுவார்களாம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தலை வலிக்காமலேயே சுழற்சி மட்டும் வருவதும் உண்டு. என்னிடம் வருபவர்களில் இதைக் கடைசிவரை நம்ப மறுப்பவர்கள்தான் அதிகம்.

அம்மா சொன்ன குறிகள் எல்லாம் முதல் வகையைத்தான் காட்டுகின்றன. உள்காதில் ஒரு சிறு பை இருக்கிறது, அதில் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அவற்றின் எடையை வைத்துத்தான் உடம்பு அறிகிறது. வயதாவதாலோ, தலையில் அடிபட்டதாலோ, பெரும்பாலும் காரணம் தெரியாமலோ, சில துகள்கள் கழன்று பக்கத்திலிருக்கும் அரைவட்டக் குழலுக்குள் போய்விடுகின்றன. அந்தக் குழலுக்கு வேலை தலை திரும்புவதைச் சொல்வது. நீங்கள் புரண்டு படுத்ததும் துகள்கள் உள்ளே நகர்ந்து திரவத்தைத் தள்ளுகின்றன. தலை அசையாமல் இருக்கும்போதும் குழல் "தலை சுழல்கிறது" என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. துகள்கள் அடியில் படிந்ததும் அது வாயை மூடிக்கொள்கிறது. அரை நிமிடக் கணக்கு அதனால்தான்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்றால், நோயாளியைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையைக் கட்டிலின் விளிம்புக்குச் சற்றுக் கீழே தாழ்த்துவோம். 1952 இல் லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனை இது. கறுப்புக் கண்ணாடிக்குள் இருக்கும் கேமரா, கண்ணைத் திரை நிறையக் காட்டும். முதல் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. "ஒன்றுமில்லையே" என்று அவர் சொல்ல வாயெடுக்கும்போது கருவிழி மேல்நோக்கித் துடிக்கத் தொடங்கும், கூடவே தரையைப் பார்த்திருக்கும் காதின் பக்கமாகத் திருகும். துடிப்பு ஏறி, உச்சத்துக்குப் போய், தளர்ந்து, நிற்கும். அதுவரை அவருடைய விரல்கள் கட்டில் விளிம்பை விடாது. எந்தக் காது, எந்தக் குழல் என்று கண்ணே சொல்லிவிட்டது. தம்பியிடம் சொல்லுங்கள்: எந்த மூளை ஸ்கேனிலும் இந்தத் துகள்கள் தெரியாது.

வைத்தியமும் மருந்தல்ல, தலையைத் திருப்புவதுதான். வளைந்த ரப்பர் குழாய்க்குள் விழுந்த கூழாங்கல்லை, குழாயைப் படிப்படியாகத் திருப்பி வெளியே உருட்டுவது போன்ற காரியம். வலக்காது என்றால், தலையை வலப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, சுழற்சி அடங்கக் காத்திருந்து, தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி, மறுபடி காத்திருந்து, உடம்பையும் இடப்பக்கம் புரட்டி முகம் தரையைப் பார்க்க வைத்து, கடைசியில் எழுப்பி உட்கார வைப்போம். துகள்கள் பழைய பைக்கே திரும்பிவிடும். பத்து நிமிடம்கூட ஆகாது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு முறையிலேயே சரியாகிவிடுகிறது, சிலருக்குப் பின்னாளில் திரும்ப வருவதும் உண்டு. அமெரிக்காவில் எப்ளி என்ற மருத்துவர் இதை முதலில் காட்டியபோது சக மருத்துவர்கள் நம்பவில்லை. இத்தனை எளிதாக ஒரு நோய் தீருமா என்ற சந்தேகம். அவருடைய கட்டுரை அச்சேற 1992 வரை ஆனது. மருந்து எழுதாத வைத்தியர்மேல் எந்த நாட்டிலும் நம்பிக்கை குறைவுதான் போலிருக்கிறது.

முதல் தடவை இதை நீங்களாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். எந்தக் காது என்று தெரியாமல் திருப்பினால் பலனில்லை. உங்களுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் வேறு இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ, இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடமோ போய், "புரண்டால் சுற்றுகிறது, படுக்க வைத்துக் கண்ணைப் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். செய்து முடித்த பிறகு உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்று முன்பெல்லாம் சொல்வார்கள். அது தேவையில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆகவே அந்த நாற்காலிக்கு விடுதலை கொடுங்கள்.

நீங்கள் மாதக்கணக்கில் மூன்று வேளையும் விழுங்கும் அந்தச் சுற்றல் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடுமையான வாந்தியோடு வரும் சுழற்சிக்கு முதல் ஓரிரு நாள் அப்படிப்பட்ட மாத்திரைகள் கைகொடுக்கும். துகள்களை அவை அசைக்கப்போவதில்லை. அவற்றில் பல மூளையை மந்தப்படுத்துபவை. காது தவறாகச் சொல்கிறது என்று கண்டுபிடித்துக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டிய மூளையைத் தூங்க வைத்தால் அது எப்போது திருத்தும்? இதைத் தொடரத்தான் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உங்கள் குணம் எனக்குத் தெரியும். படுத்தபடி புரளும்போது வரும் சுழற்சிக்கும் அழுத்தம் இறங்குவதற்கும் சம்பந்தமில்லை. எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறது என்றால்தான் அந்தப் பேச்சு. அதையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்: படுத்திருக்கும்போது ஒரு அளவு, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு அளவு. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

காது நிரந்தரமாகப் பழுதானவர்களும் இங்கே வருகிறார்கள். ஜென்டாமைசின் போன்ற, கிருமிகளைக் கொல்லும் ஊசிகள் உயிரைக் காப்பாற்றிவிட்டு, சிலருக்கு இரண்டு பக்கச் சமநிலை உறுப்பையும் எடுத்துக்கொண்டு போய்விடும். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற அதே வகை மருந்தால் இப்படி ஆன ஒரு மருத்துவர் 1952 இல் தன் அனுபவத்தை எழுதினார். ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் புத்தகத்தின் எழுத்துகள் குதித்தனவாம். கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவில் தலையை முட்டுக்கொடுத்துத்தான் அவரால் படிக்க முடிந்தது. தலை எத்தனை அசைந்தாலும் பார்வை நிலைத்திருக்க, கண்ணை எதிர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டே இருக்கும் வேலை உள்காதினுடையது என்பது நமக்கு அது போன பிறகுதான் தெரியும். அப்படிப்பட்டவர்களிடமே நாங்கள் சொல்வது "அசையுங்கள்" என்றுதான். ஓர் எழுத்தைக் கை தூரத்தில் பிடித்துக்கொண்டு, அது கலங்காதபடி தலையை இடமும் வலமும் அசைக்க வேண்டும். கொஞ்சம் சுற்றத்தான் செய்யும், செய்து முடித்துச் சற்று நேரத்தில் அடங்கிவிட்டால் அளவு சரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்ஸி என்ற இருவர் தலையில் அடிபட்டவர்களுக்கு இப்படிப் பயிற்சிகளை வகுத்தார்கள். எங்கள் பயிற்சிகளின் வேர் அதுதான். காது நிரந்தரமாகப் பழுதானவர்களே எழுந்து நடக்கும்போது, சில துகள் இடம்மாறியதற்காக நீங்கள் நடையை நிறுத்துவது நியாயமா?

ஒன்றை மட்டும் அம்மாவுக்கும் தம்பிக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். சுற்றலோடு பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, எதுவும் இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பிடித்தும் நிற்க முடியாவிட்டாலோ, இதுவரை வராத கடும் தலைவலி வந்தாலோ, எனக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே காட்ட வேண்டும்.

அதுவரைக்கும் எழும்போது கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து எழுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். ஏணியில் ஏற வேண்டாம், மேல் அலமாரிப் பெட்டி அங்கேயே இருக்கட்டும். மாலை நடையைத் தம்பியோடு இன்றே தொடங்குங்கள். சுற்றல் வந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை நேரம் நீடித்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு ஸ்கேன் படத்தைவிட அது உதவும்.

என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. குளிருக்குத் தகுந்த காலணி வாங்கிவிட்டேன். அறைத்தோழி நல்லவள், சத்தம்தான் அதிகம். கோடையில் விடுப்புக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. மருத்துவரிடம் என்றைக்குப் போகிறீர்கள் என்பதைத் தம்பியிடம் சொல்லி எனக்குத் தெரிவியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், அம்மாவிடம் அல்ல, உங்களிடம்.

அன்புடன்,
உங்கள் மகள்