வைரத்துக்குள் சிக்கிய வெளிச்சம்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசும்போது, "மத்தவங்க குவாண்டம் சோதனை செய்றாங்க, நான் வைரத்தோட மேல்பரப்பைச் செதுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று சலித்துக்கொண்டாய். அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

பிளஸ் டூ வகுப்பில் முழு அக எதிரொளிப்பு நடத்தும்போது நான் வைரத்தைத்தான் சொல்வேன். ஒளிவிலகல் எண் 2.4, மாறுநிலைக் கோணம் 25 டிகிரிகூட இல்லை; அதைவிடச் சாய்ந்து பரப்பில் விழும் ஒளி வெளியே வராது. உள்ளே போன ஒளி பட்டைக்குப் பட்டை மோதித் திரும்புவதால்தான் அந்த ஜொலிப்பு. நகைக்கு அழகு தரும் அதே குணம் உன் வேலைக்குத் தடை. வைரத்துக்குள் நைட்ரஜன் அணுவும் அதை ஒட்டிய காலி இடமும் சேர்ந்த, ஒளி விடும் புள்ளியான உன் நிற மையம், பச்சை லேசர் பட்டதும் சிவப்பு ஃபோட்டான்களை எல்லாப் பக்கமும் விடுகிறது. பரப்பு தட்டையாக இருந்தால் மேல்பக்கமாகத் தப்பி வருவது நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது.

2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் நடந்த பெல் சோதனையையே எடுத்துக்கொள், தூரத்தில் இருக்கும் இரண்டு துகள்களின் குவாண்டம் பிணைப்பு உண்மைதானா என்று பார்க்கும் சோதனை. 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிற மையம். 220 மணி நேரம் ஓட்டியதில் பிணைப்பு அமைந்தது 245 முறை. மையத்தைச் சுற்றி அரைக்கோளமாகச் செதுக்கி, ஒளி எந்தப் பக்கம் போனாலும் பரப்பில் நேராக விழும்படி செய்திருந்தும் அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஃபோட்டான் வந்து சேர்ந்தால்தான் அங்கே கணக்கு. அப்படியென்றால், ஒவ்வொரு பக்கமும் ஃபோட்டான் சேகரிப்பை நீ இரண்டு மடங்காக்கினால் பிணைப்பு நான்கு மடங்கு வேகமாக அமையும். இதைச் சின்ன வேலை என்று எப்படியம்மா சொல்கிறாய்?

ஹார்வர்டில் 2010இல் வைரத்திலேயே தூண் மாதிரி செதுக்கிய நானோ கம்பிகளும் அப்படித்தான். சுமார் 200 நானோமீட்டர் தடிமன், 2 மைக்ரான் உயரம். வெறும் வைரத்தைவிடப் பத்து மடங்கு ஃபோட்டான் கிடைத்தது, அதுவும் பத்தில் ஒரு பங்கு லேசர் திறனில்.

ஆனால் வெளிச்சம் கூடினதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதே. தூண் மெலிந்தால் சுவர் மையத்துக்குக் கிட்டே வந்துவிடும். சுவரில் இருக்கும் மின்னூட்டங்களும் தளைபடாத எலக்ட்ரான்களும், குவாண்டம் தகவலைத் தாங்கும் அதன் ஸ்பின்னைக் கலைக்கும், அது விடும் ஒளியின் நிறமாலைக் கோடும் ஒரு இடத்தில் நிற்காது. எத்தனை மடங்கு பிரகாசம் என்று எழுதும் இடத்திலேயே, ஸ்பின் எவ்வளவு நேரம் தாங்கியது என்றும் எழுது. வழிகாட்டி கேட்காவிட்டாலும் எழுது.

அப்புறம், செதுக்கிய துண்டுகளைக் கொதிக்கும் அமிலத்தில் கழுவுகிறாய் என்று அம்மாவிடம் சொன்னாயாம். முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் அதன் பக்கம் போகாதே. ராத்திரியில் தனியாக வேண்டவே வேண்டாம்.

தூணுக்கு நீ என்ன விட்டம் வைத்திருக்கிறாய்? மையம் சரியாகத் தூணின் நடுவில் அமைவதற்கு என்ன வழி செய்கிறாய்? விவரமாக எழுது, படமும் வரைந்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா