மாளிகைகளின் மறுபாதி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கக் கோடீஸ்வரர்களின் பழைய மாளிகைகள் பற்றிய கட்டுரை படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் எத்தனை அறை, எவ்வளவு பளிங்கு என்று அடுக்கிக்கொண்டே போனவர், கட்டினவர் கண்ணை மூடியபிறகு அந்த வீடுகளை யார் கட்டி மேய்த்தார்கள் என்பதைச் சொல்லவே இல்லை. எனக்கு அதுதான் கதையே.

வட கரோலினாவில் ஆஷ்வில் பக்கத்தில் ஜார்ஜ் வாண்டர்பில்ட் கட்டிய பில்ட்மோர் இருக்கிறதே, 250 அறை, 1895 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் திறந்தார்கள், கல்லும் மரமும் கொண்டுவரவே தனி ரயில் பாதை போட்டுக் கட்டிய வீடு. மகள் வீட்டுக்குப் போனபோது நானும் போய்ப் பார்த்தேன். மேலே விருந்துக்கூடம் வாயைப் பிளக்க வைக்கும், சரி. எனக்குக் கால் நகராமல் நின்றது கீழ்த்தளத்தில்தான். சலவை அறையில் துணி உலர்த்த இழுத்து இழுத்து எடுக்கும் உயரமான சட்டங்கள். இன்னொரு பக்கம் 70,000 கேலன் பிடிக்கும் நீச்சல்குளம், நீந்தத் தெரியாத விருந்தாளிகள் பிடித்துக்கொள்ள ஓரத்தில் கயிறு. குளோரின் போடும் வழக்கமெல்லாம் அப்போது கிடையாது, தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். அதைத் தேய்த்துக் கழுவியவர்களுக்குக் கட்டுரையில் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை அது. 1913இல் வருமான வரி வந்தது, வேலையாட்கள் கூலியும் ஏறியது. 1914இல் ஜார்ஜ் இறந்ததும் மனைவி ஈடித் 80,000 ஏக்கருக்கு மேல் காட்டை அரசுக்கு விற்றார். இன்றைய பிஸ்கா தேசிய வனத்தின் தொடக்கம் அதுதான். என்னைக் கேட்டால் அந்தக் குடும்பம் விட்டுப்போனதில் மாளிகையைவிடப் பெரியது அந்தக் காடு. வீட்டை 1930இல் டிக்கெட் போட்டுத் திறந்தார்கள், இன்னும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. பிலடெல்பியா அருகே வைட்னர் குடும்பத்தின் லின்வுட் ஹால், 110 அறை. கட்டியவரின் மகனும் பேரனும் 1912இல் டைட்டானிக் கப்பலோடு போனார்கள். ஓவியங்கள் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குப் போயின, வீடு ஒரு மதக் கல்லூரிக்குப் போய், அப்புறம் பல காலம் சீரழிந்து, 2023இல்தான் ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை வாங்கியது. அதே வட்டாரத்தில் 147 அறை கொண்ட வைட்மார்ஷ் ஹாலை 1980இல் இடித்தே விட்டார்கள். இதெல்லாம் இல்லாமல் மாளிகைக் கதை என்ன கதை?

இன்னொன்று. ஒரு படத்துக்குக் கீழே வெறுமனே ‘வாண்டர்பில்ட் மாளிகை’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்துக்கு ஊருக்கு ஊர் மாளிகை, எது என்று சொல்ல வேண்டாமா? படத்தில் இருப்பது ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட்டில் உள்ள பிரேக்கர்ஸ். 70 அறை கொண்ட அந்த வீட்டை 1948இல் ஊர்ப் பாதுகாப்புச் சங்கத்துக்கு வாடகைக்கு விட்டார்கள், வருடத்துக்கு ஒரு டாலர்.

இப்படிக்கு,
வாசகர், திருநெல்வேலி